படகு எஞ்சினின் ஒயில் வழியில் கைவைக்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்புப் பக்கம் மோதரையிலும் திக்கோவிட்டவிலும் எஞ்சின் வேலைக்குப் போகிற இடமெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜெட்டியில் ஒருவர் கேட்பார், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் இன்னொருவர் கேட்பார், பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்க நின்றால் பக்கத்தில் நிற்பவரும் அதையே கேட்பார். பிரஷரை ஏற்றலாமா, பில்டரை மாற்றலாமா, கூலரைப் பெரிதாக்கலாமா, கம்பனி சொன்னதை அப்படியே கேட்கத்தான் வேண்டுமா? கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், போகப்போகச் சிக்கல் கூடும்.

ஒயில் வழுக்குவதற்குத்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கதை?

வழுக்குவது அதன் வேலைகளில் ஒன்று மட்டும்தான். பிஸ்டனின் அடிப்பக்கச் சூட்டை இழுப்பது, எரிந்த கரி கட்டிபடாமல் மிதக்க வைத்திருப்பது, டீசலில் உள்ள கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை முறிப்பது, பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் (சிலிண்டரின் உள்சுவர்) இடையில் அடைப்பாக நிற்பது எல்லாம் அதே ஒயில்தான் செய்கிறது.

அது போகும் வழியை ஒருமுறை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களுக்கு இது வேண்டும். சம்பில் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டி) இருந்து சல்லடை வழியாகப் பம்புக்கு, பம்ப்புக்குப் பக்கத்தில் மிஞ்சிய பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வ், அப்புறம் கூலர், பில்டர், பிளாக்குக்குள் ஓடும் பெரிய காலறி, அதாவது கிளைகள் பிரியும் தாய்வழி. காலறியில் இருந்து கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கும், கிராங்கில் துளைத்த ஓட்டை வழியாக பிஸ்டன் தண்டின் அடியில் உள்ள பிக்என்ட் பேரிங்குக்கும், டேர்போவுக்கும், மேலே வால்வைத் தட்டும் ரொக்கருக்கும் பிரிந்து போய், எல்லாம் திரும்பச் சம்பில் விழுகிறது. இதில் எந்த இடத்தில் கைவைத்தாலும் மற்ற எல்லா இடத்துக்கும் போகும் அளவு மாறும்.

ஒயில் பிரஷர் எவ்வளவு காட்டவேண்டும்?

உங்கள் எஞ்சினின் மெனுவலில் இரண்டு எண்கள் இருக்கும்: சூடான எஞ்சின் ஐட்லில் நிற்கும்போது ஆகக்குறைந்தது எவ்வளவு, முழு வேகத்தில் எவ்வளவு. அந்த இரண்டும்தான் விடை. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்று ஒரு பழைய கணக்கு எல்லோர் வாயிலும் இருக்கிறது, அது அவசரத்துக்கு ஒரு மதிப்பீடு மட்டும். குளிர்ந்த எஞ்சின் காட்டும் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தடித்த ஒயிலில் தேய்ந்துபோன எஞ்சினும் நல்ல பிரஷர் காட்டும்.

பிரஷர் என்பது ஒயில் எவ்வளவு தடைபடுகிறது என்பதன் அளவு, எவ்வளவு ஓடுகிறது என்பதன் அளவு அல்ல. வழி அடைபட்டாலும் கேஜ் ஏறும். இன்னொன்று, டாஷில் இருக்கும் மின்சாரக் கேஜை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன் காலறியில் ஒரு மெக்கானிக்கல் கேஜைப் பூட்டி அளந்து பாருங்கள். உப்புக் காற்றில், கேஜுக்கு அளவை அனுப்பும் சென்டரின் முனை துருப்பிடித்துப் பொய் சொல்வதை நான் எண்ணிக்கை இல்லாமல் பார்த்திருக்கிறேன்.

அண்ணே, பிரஷர் குறைந்துவிட்டது. ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங்குக்கு அடியில் வோஷர் போட்டால் ஏறுமாமே?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு நெஞ்சு பதறும். ரிலீஃப் வால்வ் திறப்பது பிரஷர் ஒரு எல்லைக்கு மேலே போகும்போது மட்டும். சூடான ஐட்லில் உங்கள் பிரஷர் அந்த எல்லைக்கு எவ்வளவோ கீழே இருக்கிறது, வால்வ் ஏற்கெனவே இறுக மூடித்தான் கிடக்கிறது. மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு என்ன பயன்? ஐட்ல் பிரஷர் அப்படியே இருக்கும். ஆனால் விடியற்காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது, வால்வ் திறந்து காப்பாற்றவேண்டிய நேரத்தில் அது திறக்காது. பில்டர் கஸ்கட், கூலர் குழாய், பம்ப் கியர் எல்லாம் அந்த அடியை வாங்கும்.

ஒரு படகில் மூன்று வோஷர் போட்டிருந்தார்கள், யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பில்டரின் றப்பர் வளையம் பிதுங்கி வெளியே வந்து, நிமிடத்துக்குள் பாதிச் சம்ப் ஒயில் படகின் அடித்தளத்தில் (பில்ஜ்) கொட்டிவிட்டது. கழற்றிப் பார்த்தபோது பிக்என்ட் பேரிங் ஓட்டின் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து நடுவில் செம்பு பளிச்சென்று தெரிந்தது, விரல் நகத்தால் வருடினால் கோடு தட்டுப்பட்டது. உண்மையான வியாதி அதுதான். பிரஷர் குறைந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: கேஜ் சரியா, ஒயில் மட்டம் சரியா, ஒயிலில் டீசல் கலந்திருக்கிறதா, சல்லடை அடைபட்டிருக்கிறதா, ரிலீஃப் வால்வின் இருக்கையில் ஏதாவது தூசி சிக்கித் திறந்தபடி நிற்கிறதா, பம்ப் தேய்ந்திருக்கிறதா, கடைசியாகப் பேரிங்.

15டபிள்யூ-40 ஆ, வெறும் 40 ஆ, 50 ஆ? தடிப்பான ஒயில் போட்டால் பாதுகாப்புத்தானே?

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ள எண் எஞ்சின் சூட்டில் எப்படி நிற்கும் என்பதற்கு. எஸ்.ஏ.ஈ. (ஒயிலின் தடிப்பை வகுக்கும் தரம்) 40 என்றால் 100 பாகை செல்சியஸில் தடிப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கவேண்டும். 15டபிள்யூ-40 உம் வெறும் 40 உம் அந்தச் சூட்டில் ஒரே வகுப்புத்தான். 50க்குப் போனால் கேஜ் ஏறும், மனதுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் மேலே சொன்னபடி தடை கூடியதால் ஏறியது, ஓட்டம் கூடியதால் அல்ல. ஸ்டார்ட் பண்ணிய முதல் நிமிடங்களில் தடித்த ஒயில் பில்டர் தாளுக்குள் புக முடியாமல் பில்டரின் பைபாஸ் வால்வைத் திறந்து, வடிகட்டாமலே பேரிங்குக்குப் போகும்.

அதற்காக எல்லா எஞ்சினுக்கும் 15டபிள்யூ-40 என்றும் இல்லை. பழைய டெட்ராய்ட் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு, 71 வரிசை போன்றவற்றுக்கு, கம்பனி கேட்பது சாம்பல் குறைந்த எஸ்.ஏ.ஈ. 40 ஒற்றைக் கிரேட் ஒயில். கடையில் நல்ல விலையில் கிடைக்கும் 15டபிள்யூ-40 அதற்குப் பொருந்தாது. கான்மேல் உள்ள கிரேட் எண் மட்டும் போதாது, ஒயிலின் தரத்தைச் சொல்லும் ஏ.பி.ஐ. வகுப்பும் மெனுவலோடு ஒத்துப்போகவேண்டும்.

டி.பி.என். என்றால் என்ன? எண் கூடினால் நல்ல ஒயிலா?

அமிலத்தை முறிக்க ஒயிலில் எவ்வளவு காரம் இருப்பில் இருக்கிறது என்பதுதான் டி.பி.என். இங்கே ஒட்டோ டீசலில் சூப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம், ஆகவே அதே எஞ்சினில் காரம் வேகமாகத் தீரும். புதிய ஒயிலின் எண்ணில் பாதிக்கு இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. தேவைக்கு மேலே எண் கூடிய ஒயிலைப் போட்டால் முறிக்க அமிலம் இல்லாத காரம் பிஸ்டன் தலையிலும் வால்விலும் சாம்பலாகப் படியும்.

பெரிய கப்பல்களிலேயே இது நடந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளின் கந்தக எல்லை 3.5 வீதத்தில் இருந்து 0.5 வீதமாக இறங்கியபோது, பெரிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் சிலிண்டர் ஒயிலையும் காரம் குறைந்ததாக மாற்றவேண்டி வந்தது. எரிபொருள் மாறினால் ஒயிலும் மாறவேண்டும்.

லொறி எஞ்சினைப் படகுக்கு மாற்றிப் போட்டிருக்கிறோம். லொறியின் மெனுவலைப் பார்த்தால் போதும்தானே?

போதாது. லொறி இறக்கத்தில் சும்மா உருளும், சிக்னலில் நிற்கும், எஞ்சினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பல்நாள் படகு துறைமுகத்தை விட்டு வெளியேறினால் நாட்கணக்கில் ஒரே சுமையில் ஒரே சுற்றில் ஓடும், எஞ்சின் அறையோ அடுப்படி போலக் கொதிக்கும். லொறிக்கு எழுதிய கிலோமீற்றர் கணக்கு அங்கே பொருந்தாது. மணித்தியாலக் கணக்குத்தான் வேண்டும், அதுவும் அதே எஞ்சினின் கடல்வகைக்குக் கம்பனி கொடுத்த கணக்காக இருந்தால் நல்லது.

அதைவிடப் பெரிய விஷயம் சாய்வு. லொறியில் எஞ்சின் கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும், படகில் புரொப்பெல்லரைச் சுழற்றும் சாப்டின் கோட்டுக்கு ஏற்பப் பின்பக்கம் சரிந்திருக்கும். ஒயில் பின்னால் ஓடும், சல்லடை முன்னால் இருந்தால் அது காற்றைத்தான் உறிஞ்சும். டிப்ஸ்டிக்கின் கோடும் இப்போது பொய். எஞ்சினை அதன் சாய்விலேயே வைத்து, முழுதாக வடித்து, பில்டரையும் சேர்த்து மெனுவல் சொல்லும் லீற்றரைச் சரியாக அளந்து ஊற்றி, சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, வடிந்து இறங்கக் கொஞ்ச நேரம் விட்டு, அந்த மட்டத்தில் டிப்ஸ்டிக்கில் புதிய கோடு போடுங்கள். அந்த மட்டத்தில் கிராங் ஒயிலைத் தொடுகிறதா, சல்லடை மூழ்கி நிற்கிறதா என்று சம்பின் வடிவத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு விடவேண்டும். சர்வதேசப் பயணக் கப்பல்களுக்கான சோலாஸ் விதி, எஞ்சின் 15 பாகை நிலையான சாய்விலும் 22.5 பாகை உருளலிலும் இயங்கவேண்டும் என்கிறது. உங்கள் படகுக்கு அந்த விதி பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் படகு எவ்வளவு உருளும் என்று உங்களுக்கே தெரியும்.

டிப்ஸ்டிக்கில் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாமா?

2019 மார்ச் 23 அன்று நோர்வே கரையோரம் வைக்கிங் ஸ்கை என்ற பயணிகள் கப்பல், 1,373 பேருடன், புயலுக்குள் மின்சாரமும் உந்துவிசையும் இழந்து பாறைகளை நோக்கி அடித்துக்கொண்டு போனது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றதற்குக் காரணம் ஒயில் மட்டம். நோர்வே விபத்து விசாரணையாளர்களின் இடைக்கால அறிக்கைப்படி தாங்கிகளில் 28 முதல் 40 வீதம் வரைதான் ஒயில் வைத்திருந்தார்கள், எஞ்சின் செய்த கம்பனியின் பரிந்துரையோ ஏறத்தாழ 68 முதல் 75 வீதம். அமைதியான கடலில் குறைந்த மட்டத்திலும் எஞ்சின் ஓடும். உருளும்போதுதான் உறிஞ்சும் வாய் வெளியே தெரியும்.

கூட ஊற்றுவதும் ஆகாது. கிராங் ஒயிலில் அடித்து நுரை கிளப்பினால் பம்ப் நுரையைத்தான் அனுப்பும், எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாகவும் ஒயில் வெளியேறும்.

பைபாஸ் பில்டர் போடலாமா? போட்டால் ஒயிலே மாற்றத் தேவையில்லை என்கிறார்களே?

போடலாம், ஒழுங்காகப் போட்டால் எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். எஞ்சினோடு வரும் பில்டர் முழு ஓட்டத்தையும் விடவேண்டியிருப்பதால் அதன் துளைகள் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். பைபாஸ் பில்டர் ஓட்டத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்து, மெதுவாக, சில மைக்ரோன் அளவுத் தூசி வரை பிடித்து நேரே சம்புக்குத் திருப்பி அனுப்புகிறது. (முழு ஓட்ட பில்டருக்குள் இருக்கும் பைபாஸ் வால்வும் இதுவும் ஒன்றல்ல, பெயர்தான் ஒன்று.)

அந்தச் சிறு பங்கைக் கட்டுப்படுத்துவது உள்ளே இருக்கும் ஒரு குண்டூசித் துளை. யாராவது ஓட்டம் போதவில்லை என்று அதைத் துளைத்துப் பெரிதாக்கினால் காலறிக்குப் போகவேண்டிய ஒயில் சம்புக்குத் திரும்பி ஓடும், சூடான ஐட்லில் பிரஷர் விழும். ஆகவே பூட்டுவதற்கு முன் ஒருமுறை, பூட்டியபின் ஒருமுறை, இரண்டு தடவையும் நன்றாகச் சூடான எஞ்சினில் அளந்து எழுதி வையுங்கள். திரும்பும் குழாய் தடையில்லாமல் சம்பில் விழவேண்டும். மாற்றவே தேவையில்லை என்பது பொய், பில்டர் தூசியைப் பிடிக்கும், ஆனால் தீர்ந்த காரத்தைத் திரும்பக் கொடுக்காது, கலந்த டீசலையும் பிரிக்காது. ஒயில் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் மாற்றும் இடைவெளியை ஒரு மணித்தியாலமும் நீட்டவேண்டாம்.

பில்டர் எட்டாத இடத்தில் இருக்கிறது. ஹோஸ் போட்டுச் சுவருக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம். ஹோஸின் உள் விட்டம் எஞ்சினில் உள்ள வழியைவிடக் குறையக்கூடாது, நீளமும் வளைவும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஒயில் சூட்டையும் குளிர்ந்த ஸ்டார்ட் பிரஷரையும் தாங்கும் வகையாக இருக்கவேண்டும். தண்ணீர் ஹோஸை கிளிப் போட்டு இறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போகும் வழியையும் வரும் வழியையும் மாற்றிப் பூட்டுவது அடிக்கடி நடக்கிற பிழை, பூட்டுமுன் பெயின்டால் அடையாளம் போடுங்கள். டேர்போவுக்கும் எக்ஸோஸ்டுக்கும் பக்கத்தால் கொண்டுபோகவேண்டாம். 220 பாகைக்கு மேலே சூடாகும் பரப்பை மூடவேண்டும் என்று கப்பல்களுக்கு விதி இருப்பதே, தெறிக்கும் எண்ணெய் அதில் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால்தான். கடலின் நடுவில் எஞ்சின் அறையில் தீ வந்தால் ஓட இடமில்லை.

தம்பி, நான் படகுச் சொந்தக்காரி, கடலுக்குப் போவது ஸ்கிப்பர். ஒயிலும் பில்டரும் மாற்றினோம் என்கிறார்கள், எப்படி நம்புவது? மலிவு பில்டரும் அளவு சரியாக ஏறுகிறதே?

அக்கா, பழைய பில்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேல் தகட்டை வெட்டி, உள்ளே இருக்கும் தாளை உருவி, பழைய பேப்பர் விரித்து அதன்மேல் மடிப்பு மடிப்பாகப் பிரித்து வெயிலில் பாருங்கள். கறுப்புக் கரி இருந்தால் பயமில்லை. மினுங்கும் செதில்கள் இருந்தால் காந்தத்தைப் பிடியுங்கள், ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறமாகவோ சாம்பலாகவோ இருந்தால் பேரிங்காக இருக்கலாம். புதிய பில்டரில் திகதியையும் மீற்றர் மணித்தியாலத்தையும் பெயின்ட் பேனாவால் எழுதச் சொல்லுங்கள், இதில் சண்டைக்கு இடமில்லை.

மரை ஒத்துப்போவதால் பில்டர் ஒத்துப்போகிறது என்று ஆகாது. பைபாஸ் வால்வ் எந்த அழுத்தத்தில் திறக்கும், எஞ்சின் நின்றபின் ஒயில் வடியாமல் தடுக்கும் றப்பர் உள்ளே இருக்கிறதா என்பதெல்லாம் வெளியே தெரியாது. ஒரு கடையில் பிரபல பெயர் அச்சடித்த பெட்டியில் வாங்கிய ஒன்றை வெட்டிப் பார்த்தேன், தாளின் இரு முனைகளும் ஒட்டப்படவே இல்லை, தூசி சுற்றிக்கொண்டு போக ஒரு விரல் இடைவெளி. அதிலிருந்து முகவரிடம் மட்டும்தான் வாங்குகிறேன்.

ஒயில் கூலரைப் பெரிதாக்கினால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்குமா?

அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் ஒயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும், மூடியின் அடியில் வெள்ளைக் களி படியும், அமிலமும் கூடும். சூடு ஏறுகிறது என்றால் முதலில் இருக்கிற கூலரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்கள், கடல் தண்ணீர் பம்பின் இம்பெல்லரையும், அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டியையும் (சிங்க்) பாருங்கள். தொண்ணூறு வீதம் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

கூலர் குழாய் ஓட்டையானால் ஒரு வேடிக்கையான நடத்தை இருக்கும், இதைத் தெரிந்து வையுங்கள். ஓடும்போது ஒயில் பிரஷர் தண்ணீரைவிட அதிகம், ஆகவே ஒயில்தான் தண்ணீருக்குள் போகும், படகுக்குப் பின்னால் மினுமினுப்புத் தெரியும். நிறுத்தியபின் தண்ணீர் ஒயிலுக்குள் வரும். அதனால் காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், மட்டம் ஏறியிருந்தாலோ பால் தேநீர் நிறமாக இருந்தாலோ சாவியைத் தொடவேண்டாம்.

போத்தலில் விற்கும் ஒயில் மருந்து?

வேண்டாம். ஒயிலில் சேர்க்கவேண்டியதைச் செய்தவர்களே அளவாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒயில் பிரஷர் அலாரம் சும்மா சும்மா கத்துகிறது, வயரைக் கழற்றிவிட்டோம். பரவாயில்லையா?

இன்றைக்கே திரும்பப் பூட்டுங்கள். உருளும்போது மட்டும் கத்தினால் அது மேலே சொன்ன சாய்வும் மட்டமும், சுவிட்ச் பிழையல்ல. எல்லா நேரமும் கத்தினால் மெக்கானிக்கல் கேஜால் சரிபார்த்துவிட்டு சுவிட்சை மாற்றுங்கள், அதே திறப்பு அழுத்தம் உள்ளதாக.

ஒயில் பரிசோதனை செய்தால் என்ன தெரியும்?

இரும்பு கூடினால் லைனர், ரிங், கியர் பக்கம். செம்பு, ஈயம், வெள்ளீயம் சேர்ந்து ஏறினால் பேரிங். சிலிக்கன் என்றால் பெரும்பாலும் காற்று பில்டர் வழியே வந்த தூசி. சோடியம் தண்ணீரோடு வந்தால் கடல் நீரைச் சந்தேகியுங்கள், ஆனால் கூலன்ட் மருந்திலும் சோடியம் இருக்கும். ஒரு அறிக்கை அதிகம் சொல்லாது, மூன்று நான்கை அடுக்கி வைத்தால்தான் எந்த எண் ஓடுகிறது என்று தெரியும். மாதிரியை எஞ்சின் சூடாக இருக்கும்போதே, சம்பின் நடு மட்டத்தில் இருந்து, சுத்தமான போத்தலில் எடுக்கவேண்டும். வடிக்கும்போது முதலில் வரும் அடிச்சேற்றைப் பிடித்துக் கொடுத்தால் அறிக்கை உங்களைப் பயமுறுத்தும்.

கம்பனி அனுமதிக்காத மாற்றத்தைச் செய்தால் வாரண்டி போய்விடுமா? கம்பனி தன் சாமானை விற்கத்தானே அப்படிச் சொல்கிறது?

சாமான் விற்கும் ஆசை அவர்களுக்கு இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மெனுவலில் உள்ள எண்கள் எஞ்சினை மேடையில் பூட்டி நாட்கணக்கில் ஓட்டி அளந்தவை; அந்தப் பம்புக்கு அந்தக் கூலர், அந்தக் கூலருக்கு அந்த பில்டர் என்று ஒன்றாக அளந்தவை. நம் மாற்றத்தை அவர்கள் ஓட்டிப் பார்க்கவில்லை, நாமும் கடலில் ஓட்டித்தான் பார்க்கப்போகிறோம். சேதத்துக்கு மாற்றம் காரணம் என்று அவர்கள் காட்டினால் வாரண்டி போகும், காப்புறுதிக்காரரும் அதையே கேட்பார். கிளாஸில் (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் சங்கம்) உள்ள கப்பல் என்றால் பிரதான எஞ்சினின் ஒயில் வழியில் கைவைக்குமுன் கிளாஸுக்கு அறிவித்து ஒப்புதல் எடுக்கவேண்டும்.

முகவரிடம் வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள், எஞ்சின் இலக்கத்தோடு. "பைபாஸ் பில்டர் போடலாமா" என்று கேட்டால் முடியாது என்று ஒரு வரியில் வரும். "இந்த இலக்க எஞ்சினில், காலறியின் இந்தப் பிளக்கில் இருந்து, நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் எடுத்தால் ஐட்ல் பிரஷருக்குப் போதுமான மிச்சம் இருக்குமா" என்று கேட்டுப்பாருங்கள், பொறியியலாளர் ஒருவரின் கைக்கு அது போய்ச் சேரும்.

எஞ்சின் ரீகண்டிஷன், மெனுவலும் இல்லை, தகட்டில் எழுத்தும் பாதி அழிந்துவிட்டது. அப்போ எதைப் பின்பற்றுவது?

தகடு போனாலும் பெரும்பாலான எஞ்சின்களில் பிளாக்கிலேயே இலக்கம் அடித்திருக்கும். அநேகமாக இன்ஜெக்டர் பம்ப் பக்கம் ஒரு தட்டையான மேடையில், பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்து, சோக்கைத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக எழும், படம் எடுத்து முகவருக்கு அனுப்புங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள எஞ்சினில் கடைசி எழுத்து ஒன்று மாறினாலே சம்ப் கொள்ளளவும் ஒயில் பம்பும் வேறாக இருக்கலாம், அதனால் முழு இலக்கமும் வேண்டும். பழைய மெனுவலுக்குப் பிறகு வந்த சேர்விஸ் அறிவிப்புகளையும் கேட்டு வாங்குங்கள், முரண்பட்டால் புதியதே செல்லும்.

பதில் வரும்வரை எதையும் மாற்றாமல் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்: திகதி, மீற்றர் மணித்தியாலம், சூடான ஐட்ல் பிரஷர், ஓட்டச் சுற்றில் பிரஷர், ஊற்றிய ஒயில் எத்தனை லீற்றர். பென்சிலால் எழுதுங்கள், எஞ்சின் அறை ஈரத்தில் பேனா மை கரைந்துவிடும்.